கள்ளுக்கடை மூடிய பின்னர் மாலை வேளைக்கு வந்தது எது?

1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி சேலம் ஜில்லா முழுவதிலும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அவ்வருஷம் ஜூலை மாதத்தில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாகப் பதவியேற்ற ஸ்ரீ சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார், மதுவிலக்குச் சட்டத்தை முதன்முதலில் தாம் பிறந்த ஜில்லாவிலேயே அமுலுக்குக் கொண்டுவந்தார். அக்காலத்துச் சேலம் ஜில்லா என்பது இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் சேர்ந்த பெரும் பரப்பு. ஓமலூர் அதில் ஒரு தாலூகா. டிக்ஸன் என்னும் ஆங்கிலேயர் அப்போது ஜில்லாக் கலெக்டராக இருந்தார். சட்டம் நடைபெறுவதில் அவர் மிகுந்த ஊக்கம் காட்டினார் என்பர்.

இச்சரித்திரம் பலருக்கும் தெரிந்ததே. ஆனால் அக்டோபர் 1-ந் தேதி மாலை ஆறு மணிக்கு நேர்ந்த ஒரு சிறு சங்கடத்தைப் பற்றி அதிகமாகப் பேசுவாரில்லை. ஏர் ஓட்டியவனும், தறியில் குழிக்குள் காலை வைத்துப் பகலெல்லாம் நெய்தவனும், கவலை இறைத்தவனும் பொழுது சாய்ந்ததும் முந்திய நாள் வரை ஓரிடத்திற்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே உட்காரத் திண்ணை இருந்தது. உடன் பேச ஆள் இருந்தது. உடம்பு வலி மறக்க ஒரு வழி இருந்தது. அன்று அந்தக் கதவு சாத்தியிருந்தது. மடியில் கூலிக்காசு இருந்தது. எங்கே போவது?

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே. சட்டத்தால் விட்டவனாயினும், வைத்தியர் சொல்லி விட்டவனாயினும், மனைவியின் கண்ணீருக்காக விட்டவனாயினும், குடியை நிறுத்துகிற ஒவ்வொருவனும் இந்த ஆறு மணியைச் சந்தித்தே தீரவேண்டும். சேலம் ஜில்லாவின் அனுபவம் பழையதாயினும் ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு இன்றும் பயன்படும்.

குடி என்பது ஒரு பானம் மட்டும் அன்று. அது ஒருவனுடைய நாளில் ஒரு நேரத்தையும், வரும்படியில் ஒரு பங்கையும், ஒரு கூட்டாளிக் குழுவையும் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. பானத்தை நிறுத்தினால் இவை யாவும் ஒரே நாளில் காலியாகின்றன. இவ்வாறு காலியான இடம் நெடுநாள் அப்படியே கிடப்பதில்லை; முதலில் எது வந்து உட்காருகிறதோ அதுவே நிலைத்துவிடுகிறது. ஆகையால் என்ன வந்து உட்காரவேண்டும் என்பதை, குடியை நிறுத்தும் அந்த வாரத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

1937-இல் சேலம் ஜில்லாவில் இதை அதிகாரிகள் ஓரளவு உணர்ந்திருந்தார்கள். கடைகளை மூடியதோடு நில்லாமல், கிராமங்களில் விளையாட்டு, பஜனை, நாடகம் முதலியவற்றுக்கு ஊக்கம் அளிக்கப்பட்டது. டீயும் காப்பியும் பரவின. ஐக்கிய இலாகாவினர் சிக்கன சங்கங்களைப் பரப்ப முயன்றார்கள். சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் டாக்டர் பி. ஜே. தாமஸ் முதலாண்டின் விளைவுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். குடித்தவர் வீடுகளில் சாப்பாட்டுக்கும் துணிக்கும் செலவிடும் தொகை உயர்ந்தது என்பதும், வீட்டுச் சண்டைகள் குறைந்தன என்பதும் அக்கால ஆராய்ச்சிகளிலிருந்து தெரிய வருவன. பெண்மக்களே இச்சட்டத்தை எல்லோரிலும் அதிகமாகக் கொண்டாடினார்கள் என்பதில் வியப்பில்லை.

இதன் மறுபக்கமும் இருந்தது. திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுவது தலையெடுத்தது. ஜில்லாவின் எல்லைக்கு அப்பால் கடைகள் திறந்தே இருந்தன. மேட்டூருக்கு அருகே காவேரியைத் தாண்டினால் அக்கரை கோயமுத்தூர் ஜில்லா. மாலை நேரத்தில் சீட்டாட்டத்திற்கு உட்கார்ந்தவர்களும் உண்டு. கள்ளில் மீந்த காசைக் காதுகுத்துக்கும் கிடாவெட்டுக்கும் முன்னிலும் பெரிதாகச் செலவிட்டுவிட்டு, கடன் குறையவில்லையே என்று திகைத்தவர்களும் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

சர்க்காரின் நிலைமையும் கள்ளை விட்ட குடியானவனின் நிலைமையைப் போலவே ஆயிற்று என்பது வேடிக்கையான உண்மை. மாகாண வரும்படியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆப்காரி வரியாக வந்துகொண்டிருந்தது. அந்த இடம் காலியாகும் என்று தெரிந்ததும் வேறொன்றைத் தேடி, 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைச் செய்தார்கள். சர்க்காரே ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைத் தேடவேண்டியிருந்தபோது, தனி மனிதனை மட்டும் மாற்று ஒன்றும் இல்லாமல் மன உறுதியினாலேயே இருந்துவிடு என்று சொல்வது நியாயமாகாது.

சேலத்தில் கடை மூடுவதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன், 1935-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் ஆக்ரன் என்னும் ஊரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற சத்திரவைத்தியரும் சேர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அச்சங்கம் இன்று உலகெங்கும், தமிழ்நாட்டிலும், நடைபெறுகிறது. குடித்தவன் மற்றொரு குடித்தவனோடு பேசிக்கொண்டே அன்றைய ஒரு நாளைக் குடியாமல் கழிப்பது அதன் முறை. கள்ளுக்கடைத் திண்ணையில் கிடைத்த தோழமையை வேறு திண்ணையில் கிடைக்கச் செய்வதுதான் அதன் இரகசியம் என்று சுருங்கச் சொல்லலாம்.

ஆனால் அந்த பில் வில்சனின் வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்றும் உண்டு. 1934-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நிறுத்திய குடியை அவர் சாகும்வரை 36 வருஷங்கள் தொடவில்லை. புகையை மட்டும் நெடுங்காலம் விடமுடியவில்லை. 1971-ஆம் வருஷம் ஜனவரி மாதம் நுரையீரல் கெட்டு, மூச்சு விடவும் இயலாத நிலையில் இறந்தார். பல்லாயிரம் பேரைக் குடியிலிருந்து மீட்டவரைக் கடைசியில் சிகரெட்டு கொண்டுபோயிற்று. நம் ஊர்களில் கள்ளை விட்டவன் கையில் பீடிக்கட்டு பெருத்துப்போவதைப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

“ஒரே சமயத்தில் இரண்டையும் விடச் சொன்னால் ஆள் தாங்கமாட்டான், பீடியாவது குடிக்கட்டும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அன்பினால் சொல்வதாயினும் இது சரியன்று. குடியை விட்டபின் புகையையும் விட்டவர்களே மீண்டும் குடியில் விழாமல் நிற்பதற்கு அதிக ஏது உண்டென்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. காரணம் எளிது. பல வருஷங்களாகச் சாராயக் கோப்பையும் பீடியும் ஒரே கையில் சேர்ந்தே இருந்தவை. ஒன்றின் மணம் மற்றதை நினைவூட்டும். வாயில் அடக்கும் புகையிலையும் அவ்வாறே. மதுவும் புகையிலையும் சேரும்போது வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் உண்டாகும் அபாயம் இரண்டையும் கூட்டிய அளவினும் அதிகமாக வளருகிறது. ஆகையால் இவ்விரண்டில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று பேரம் பேசுவதற்கு இடமில்லை.

அடுத்தது இனிப்பும் டீயும். குடியை விட்டவனுக்கு இனிப்பின்மேல் ஆசை பெருகுவது இயற்கை. மது ஒரு கிராமுக்கு 7 கலோரி சூடு தருவது. சத்து ஏதும் இல்லாத அச்சூட்டுக்குப் பழகிய உடம்பு, அது நின்றதும் சர்க்கரையைக் கேட்கும். மூளையில் இன்பத்தை உணர்த்தும் பகுதியும் கள்ளுக்குப் பதிலாக விரைவில் சுகம் தரும் ஏதேனும் ஒன்றைத் தேடும். முன்சொன்ன அமெரிக்கச் சங்கத்தார் 1939-இல் வெளியிட்ட நூலிலேயே, வைத்தியர் யோசனையின்பேரில் மிட்டாய் வகை உதவலாம் என்று எழுதியிருக்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு ஒரு துண்டு வெல்லமோ, நான்கு பேரீச்சம்பழமோ, ஒரு வாழைப்பழமோ குடிவெறி வரும் நேரத்தில் கைகொடுக்குமானால் அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. வெல்லம் காய்ச்சும் ஊர்ப்புறத்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

ஆனால் கணக்கு வேண்டும். குடியை விட்டவர் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு முறை டீ சாப்பிடுகிறார் என்றும், ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை என்றும் வைத்துக்கொள்வோம். கரண்டிக்கு 4 கிராம் என்றால் 64 கிராம் ஆகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2015-இல் வெளியிட்ட யோசனைப்படி, சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராமுக்கு மேற்படலாகாது; 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நன்மை. டீக்கடையில் வைத்திருக்கும் பணியாரமும் முறுக்கும் இக்கணக்கில் சேரவில்லை. நீரிழிவு வீட்டுக்கு வீடு காணப்படும் இக்காலத்தில், கல்லீரலைக் காப்பாற்றிக்கொண்டவன் நான்கு வருஷங்களில் கால் புண்ணோடு வைத்தியசாலைக்குப் போவது நல்ல மாற்றம் ஆகாது.

டீயில் வேறொரு தீமையும் உண்டு. அதிலுள்ள காபீன் என்னும் சத்தில் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் ஆன பின்னும் உடம்பில் நிற்கும். குடியை விட்டவனுக்கு முதல் வாரங்களில் எப்படியும் தூக்கம் சரியாக வராது. மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் டீ குடித்தால் நடுநிசியில் விழித்திருப்பான். விழித்திருப்பவனுக்குப் பழைய நினைவு வரும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவொட்டாமல் தடுப்பதும் உண்டு. இவ்வளவு சொன்னதால் டீக்கடை கள்ளுக்கடைக்குச் சமம் என்று யாரும் கருதவேண்டாம். டீ குடித்துவிட்டு எவனும் மனைவியை அடித்ததில்லை. பகலில் இரண்டு மூன்று முறை, சர்க்கரையைக் குறைத்து, பொழுது சாயுமுன் நிறுத்திக்கொண்டால் டீ நல்ல தோழனே.

மாலை வேளைக்கு நம் பக்கத்தில் அதனினும் உகந்தது மோரில் கரைத்த கேழ்வரகுக் கூழும், உப்பிட்டு வேகவைத்த நிலக்கடலையும். பசித்த வயிற்றில்தான் குடிவெறி பெரிதாகத் தோன்றும். ஐந்தரை மணிக்கே வயிறு நிறைந்துவிட்டால் ஆறு மணி பாதி கடந்தாற்போல. நெடுநாள் குடித்தவர்களுக்குத் தயமின் என்னும் பி-1 வைட்டமின் குறைந்துபோகிறது. தீட்டாத தானியம், பயறு, நிலக்கடலை இவற்றில் அது உண்டு. குறைவு மிகுந்தவர்களுக்கு உணவு மட்டும் போதாது. வைத்தியர் ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கவேண்டும்.

பதநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரமேறும் தொழிலாளருக்கு மதுவிலக்கினால் பிழைப்புப் போய்விடாமல் இருக்க, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சும் தொழிலை ஐக்கிய சங்கங்களின் மூலம் வளர்க்கும் முயற்சி மதுவிலக்கைத் தொடர்ந்து நடந்தது. சுண்ணாம்பு இருந்தால் பாளையிலிருந்து வடியும் சாறு புளிக்காது. இல்லாவிட்டால் சில மணி நேரத்திலேயே கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே கலயம். சுண்ணாம்புப் பூச்சு ஒன்றே வித்தியாசம். ஆயினும் குடியைப் புதிதாக விட்டவன் பதநீரைக் காலையில் இறக்கிய இடத்திலேயே குடிப்பதன்றி, வாங்கிவைத்து மாலையில் குடிப்பது விவேகமன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையை வற்புறுத்திச் சொல்லவேண்டும். தினமும் மிகுதியாகக் குடித்துவந்தவன் ஒரே நாளில் நிறுத்துவதில் உயிருக்கே அபாயம் நேரலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வேர்வையும் காணும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டதாகப் பேசுவதும் உண்டு. இதைப் பேய் பிடித்ததென்று கோயிலுக்கு அழைத்துப்போய்க் காலங்கடத்தி உயிரிழந்தவர்கள் உண்டு. இத்தகையவர்கள் நிறுத்துமுன்பே ஓமலூர் அரசாங்க வைத்தியசாலைக்கோ சேலம் பெரிய வைத்தியசாலைக்கோ சென்று, வைத்தியர் பார்வையில் நிறுத்தவேண்டும். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

இனித் தோழமையும் காசும். குடியை விட்டவனுக்கு வெறியினும் பெரிய சத்துரு, “இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வா, மச்சான்” என்று கூப்பிடும் பழைய கூட்டாளியே. அவனைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. அவன் உறவினன், அடுத்த காட்டுக்காரன், தறிப் பங்காளி. அந்த நேரத்தில் வேறு ஓரிடத்தில் தன்னை எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல முடிந்தால்தான் தப்பிக்கலாம். மகாத்மா காந்தி 1941-இல் எழுதிய நிர்மாணத் திட்டத்தில், களைத்த தொழிலாளி இளைப்பாறவும், மலிவான நல்ல சிற்றுண்டி உண்ணவும், விளையாடவும் இடங்களை ஏற்படுத்தவேண்டும் என்று மதுவிலக்கோடு சேர்த்துச் சொன்னது இதை அறிந்தே. சடுகுடு ஆடும் வயதினர்க்குச் சடுகுடு. மற்றவர்க்குப் பஜனை, பத்திரிகை வாசிப்பு, மாட்டுத்தொழுவ வேலை, பிள்ளைகளின் பாடம். எதுவாயினும் குறிப்பிட்ட நேரத்தில், வேறு மனிதர்களோடு சேர்ந்து நடப்பதாக இருக்கவேண்டும். தனியே வீட்டில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்காருவது இவ்வகையில் சேராது; அதில் காசு வைத்து ஆடும் சீட்டாட்டம் கள்ளினும் வேகமாகக் குடும்பத்தை அழிப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

காசைப் பற்றியவரை ஐக்கிய சங்கம் செய்யக்கூடியது மிக அதிகம். 1937-இல் நாளொன்றுக்கு இரண்டு அணா குடித்தவன், நிறுத்திய வருஷத்தில் 45 ரூபாய் 10 அணா மீத்திருக்கவேண்டும். இன்று நாளொன்றுக்கு 150 ரூபாய் குடிப்பவன் மாதம் 4,500 ரூபாயும் வருஷத்திற்கு 54,750 ரூபாயும் செலவிடுகிறான். இவ்வளவு தொகை நிறுத்திய வீட்டில் இருக்கிறதா என்று ஒரு வருஷம் கழித்துக் கேட்டால், பெரும்பாலும் இராது. அது களவு போகவில்லை. டீக்கடையிலும், பீடியிலும், சீட்டிலும், விருந்திலும் சில்லறையாகக் கரைந்திருக்கும். “குடியை விட்டும் என்ன கண்டோம்” என்ற சலிப்பு அப்போதுதான் பிறக்கும். அந்தச் சலிப்பு பலரை மீண்டும் கடைக்கு அழைத்துப்போயிருக்கிறது.

இதைத் தடுக்க வழி, காசு மடியில் தங்குமுன் அதற்கு ஓரிடம் காட்டுவது. கூலி வாங்கிய அன்றே, வீடு போகும் வழியிலேயே, குடித்திருக்கக்கூடிய தொகையைச் சங்கத்தில் சிறுசேமிப்பாகவோ தொடர் வைப்பாகவோ கட்டிவிடவேண்டும். பாதியைக் கட்டினாலும் போதும். மற்றப் பாதி வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகட்டும், நல்ல உணவும் மருந்தே. சேமிப்புக்கு ஒரு குறியும் வேண்டும். சங்கத்தில் அடமானம் வைத்திருக்கும் மனைவியின் நகையை மீட்பது என்று குறி வைத்தவர் வீட்டில் கணக்குப் புஸ்தகத்தை மனைவியே காத்துக்கொள்வாள். கறவை மாடு என்று குறி வைத்தால் இன்னும் ஒரு லாபம்: மாடு வந்தபின் மாலை ஆறு மணிக்குப் பால் கறந்தாகவேண்டும், அந்நேரத்தில் வேறெங்கும் போகமுடியாது.

சேலத்தில் தொடங்கிய சட்டத்தின் பின்வரலாறு மேடும் பள்ளமுமானது. சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களுக்குப் பரவி, யுத்த காலத்தில் நிறுத்தப்பட்டு, 1948-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி முதல் மாகாணம் முழுவதற்கும் வந்து, 1971-இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சர்க்கார் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்திவருகிறது. 1937-இல் கதவு சாத்தியிருந்தது. இன்று குடியை விடுகிறவன் திறந்த கதவைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போகவேண்டும். ஆகையால் மாலை வேளைக்கு மாற்று ஏற்பாடு அன்றிலும் இன்று அவசியம்.

பஞ்சாயத்தார் அறியவேண்டிய இன்னொன்று உண்டு. குடியை விட்டவன் நடுவில் ஒரு முறை தவறுவது சகஜம். அதனால் அவன் முயற்சி பொய்யாகிவிடாது. அத்தகைய அங்கத்தினனைக் கூட்டத்தில் பெயர் சொல்லி இகழ்வதும், சேமிப்புக் கணக்கை முடித்துப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதும் அவனைக் கடைக்கே அனுப்புவதாகும். அன்று வரவு இல்லையென்றால் அந்தத் தேதிக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டு, மறுநாள் அவன் கொண்டுவரும் பத்து ரூபாயானாலும் வாங்கி, அடுத்த வரியில் பதிவு செய்து, ரசீது கொடுத்து அனுப்பவேண்டும்.